தேவதூதர்களுக்கு முகம் வைத்தவன்

நவம்பர் 29, சனி

நான்கு பேன்ட்டுக்குக் கால் குறைத்தேன், இரண்டு ஜிப் மாற்றினேன். வெட்டி விழுந்த கால்துண்டுகள் வழக்கம்போல் டப்பாவுக்குள் போயின. சாம்பல், கறுப்பு, காக்கி. இந்த வருடம் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அவற்றிலேயே பத்து தேவதூதர்கள். விரல் நீளம், உள்ளே பஞ்சு, முதுகில் லைனிங் துணியில் வெள்ளைச் சிறகு, சிறகுக்கு நடுவே தொங்கவிட ஒரு நூல் வளையம்.

முகம் மட்டும் வைக்கப் போவதில்லை. போன வருடம் வைத்துப் பட்டது போதும். “என்ன, எல்லாரும் அபராதம் போட வந்த மாதிரி நிக்கிறாங்க?” என்று கேட்டார் இவர். லிஃப்ட் மெக்கானிக்குக் கலை ரசனை வேறு! ஆனால் சொன்னது உண்மைதான். எனக்கு முகம் வராது. வராததோடு எதற்கு மல்லுக்கட்ட வேண்டும்?

நவம்பர் 30

நாத்தனார் வந்தாள். கையில் எனக்கு இடுப்புவலித் தைலம், இவருக்கு ஒரு ஃபாரம்.

ஃபாரம் தம்பிக்கானது. இவருடைய தம்பியை நானும் தம்பி என்று கூப்பிட ஆரம்பித்துப் பதினோரு வருடம் ஆகிறது. மாமியார் இறந்த வாரமே இங்கே கூட்டி வந்துவிட்டோம். முப்பத்து நான்கு வயது. பேச்சு இல்லை. யார் முகத்தையும் பார்ப்பதில்லை. என் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் அயர்ன் மேசையை ஒட்டிய உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பொத்தான்களை வகைவகையாகப் பிரிப்பான்.

“நான் சொல்றதைக் கேளு. அது நல்ல இல்லம்தான், நேர்ல போய்ப் பார்த்தேன். முப்பத்தொண்ணாம் தேதிக்குள்ள அண்ணன்காரன் இவன் கையெழுத்துப் போட்டா ஜனவரில சேர்த்துக்குவாங்க” என்றாள். “அவனுக்கு இந்த வீடும் ஒண்ணுதான், அதுவும் ஒண்ணுதான். யாரு என்னன்னு தெரிஞ்சாத்தானே பிரிவு தெரியும்? நீ எத்தனை நாள் இந்த இடுப்போட அவனைக் குளிப்பாட்டுவே?”

இத்தனையும் அவனை வைத்துக்கொண்டே. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. இதை இங்கே தவிர வேறு எங்கே எழுத?

இவர் ஃபாரத்தை என் நூல் டிராயரில் வைத்தார்.

டிசம்பர் 2

நகம் வெட்டிவிட்டேன். வெட்டும்போது அவன் முகத்தையே பார்த்தேன். உடனே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பதினோரு வருடத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கண்ணுக்குக் கண் பார்த்திருப்பானா? நான் யார் அவனுக்கு? தட்டு வைக்கிற கை. நாளைக்கு வேறொரு கை தட்டு வைத்தால் அதிலும் சாப்பிடுவான். நாத்தனார் சொல்வது சரிதானோ?

சரியாக இருந்தால் அந்த ஃபாரத்தை ஏன் நூல்கண்டுகளுக்கு அடியில் தள்ளி வைத்தேன்?

டிசம்பர் 6

பத்தும் முடிந்தன. மொட்டை மொட்டையாக, ஒரு வம்புதும்புக்கும் போகாதவர்களாக நிற்கிறார்கள்.

டிசம்பர் 9

தம்பி வேலையைக் காட்டிவிட்டான். காக்கித் தேவதூதன் முகத்தில் பழுப்பு நூலால் கிறுக்கல்! ஊசியில் கோத்து வைத்திருந்ததை எப்போது எடுத்தானோ. வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் நடுவில் விட்டுப்போன ஒரு கோடு. “ஏன்டா, ஒரு வாரமா இதுக்காடா கண்ணைக் கெடுத்துக்கிட்டேன்?” என்று கத்திவிட்டு, பிளேடால் பிரித்து எடுத்தேன். அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

டிசம்பர் 10

மறுபடியும். அதே பொம்மை, அதே கோடுகள், இடப்பக்கம் அதே இடத்தில் விட்டுப்போயிருக்கிறது. பிரித்தேன்.

டிசம்பர் 11

நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுத வேண்டும்.

மூன்றாவது தடவையும் தைத்து வைத்திருந்தான். பிளேடைக் கையில் எடுத்துவிட்டேன். அந்த நேரம் பார்த்து இவர் வேலையிலிருந்து வந்து, “என் சாவி இங்க கிடக்குதா?” என்று என் மெஷின் விளக்கடியில் குனிந்தார். இடது புருவம் வெளிச்சத்தில் தெரிந்தது. லிஃப்ட் கம்பி அறுந்து அடித்த இடம் — அங்கே முடி முளைக்காது, ஒரு நெல்மணி அளவுக்கு இடைவெளி.

பொம்மையைப் பார்த்தேன். இவரைப் பார்த்தேன். பொம்மையைப் பார்த்தேன்.

அதே இடைவெளி.

இரண்டு முறை இவர் முகத்தைப் பிளேடால் பிரித்து எறிந்திருக்கிறேன்!

சட்டைப் பொத்தான் போடத் தெரியாத விரல்கள் அவை. ஊசி பிடிக்க யார் சொல்லிக் கொடுத்தார்கள்? யாருமில்லை. பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறான். எப்போது பார்த்தான்? யாரையும் பார்க்காதவன் எப்போது பார்த்தான்?

இவரிடம் காட்டினேன். “சும்மா ஏதோ தற்செயலா வந்திருக்கும்” என்றார். ஆனால் நேரே கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று புருவத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

ஊசிகளில் பழுப்பு, கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று நூல் கோத்து, மீதி ஒன்பது பொம்மைகளையும் தம்பி முன்னால் வைத்துவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

டிசம்பர் 14

நாத்தனார் வந்துவிட்டாள்! சிவப்பில் இரண்டே தையல்தான் உதடு. சிரித்தாலும் இடது ஓரம் கீழே இறங்கும் அந்த உதடு. மேலே ஒரு முடிச்சுத் தையல், மச்சம். இதற்குமேல் ஒரு தையல் போட்டால் கெட்டுவிடும், ஒன்று எடுத்தால் அவளாக இருக்கமாட்டாள். நானும் தையல்காரிதான், இருபது வருடமாக. வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன்.

டிசம்பர் 15

நாத்தனார் வீட்டுக்காரர். மூக்குக்கண்ணாடி கண்ணில் இல்லை, நெற்றியில் இருக்கிறது. வீடெல்லாம் தேடுவாரே, அதேதான். சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. மனிதர் வருடத்துக்கு இரண்டு தடவை வந்து ஒரு மணி நேரம் உட்காருகிறவர்!

டிசம்பர் 17

கறுப்புத் துணி பொம்மை. ஒரு கண் முழுதாக. இன்னொரு கண் பாதி மூடி.

நான் பார்த்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இவரைக் கூப்பிட்டேன். வாங்கிப் பார்த்தவர் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அம்மா” என்றார். “அம்மாதான்.”

மாமியாருக்குக் கடைசி இரண்டு வருடம் அந்த இமை தூக்க வராது. எந்தப் படத்திலும் அது இருக்காது. நல்ல கண் தெரிகிற மாதிரி திரும்பித்தான் நிற்பார். பார்த்து வைத்துக்கொண்டால்தான் உண்டு. பதினோரு வருடம் உள்ளே வைத்திருந்திருக்கிறான். அவனுக்குள் இன்னும் என்னென்ன இருக்கிறதோ, எனக்கு நினைக்கவே பயமாக இருக்கிறது. அவனோ ஒன்றும் நடக்காததுபோல நாலு ஓட்டைப் பொத்தானையும் இரண்டு ஓட்டைப் பொத்தானையும் பிரித்துக்கொண்டிருந்தான்.

டிசம்பர் 20

ஒன்பது முகம் ஆகிவிட்டது. மாடிவீட்டு டீச்சர், அவர் அம்மா, கடைக்காரர், நர்ஸம்மா. ஏன், கூரியர்காரர்கூட இருக்கிறார், உடைந்த மூக்கோடு.

நான் இல்லை.

டிசம்பர் 21

மிச்சம் இருந்த சாம்பல் பொம்மையை இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தான். இன்று மெஷின் மேல் கொண்டுவந்து வைத்தான். ஓடி எடுத்தேன். முகம் வெறுமை. நான் வெட்டித் தைத்த அதே மொட்டைத் துணி. தலையில் மட்டும் ஏதோ நூல் சிக்கல். அதைப் பிரிக்கக்கூட மனம் வரவில்லை. அப்படியே மரத்தில் மாட்டிவிட்டேன்.

பொறாமையா? ஆமா, பொறாமைதான். பதினோரு வருஷம்டா தம்பி. கூரியர்காரனுக்கு மூக்கு வெச்சே. எனக்கு ஒரு கண்ணு, ஒரே ஒரு கண்ணு வெக்கத் தோணலையா? குளிப்பாட்டினவ யாரு, காய்ச்சல்ல பக்கத்துல உட்கார்ந்தவ யாரு — கூரியரா?

இவரிடம், “கையெழுத்துப் போடணும்னா போடுங்க” என்று சொல்லிவிட்டேன். “கிறிஸ்துமஸ் முடியட்டும்” என்றார்.

டிசம்பர் 25

நாத்தனாரும் வீட்டுக்காரரும் வந்தார்கள். பொம்மைகளைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவளே மரத்துக்குப் பக்கத்தில் போனாள். தன்னைப் பார்த்தாள். கை தானாக மச்சத்துக்குப் போயிற்று. அவள் அம்மாவைப் பார்த்தபோது மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

“என்னை எப்பப் பார்த்தான்?” என்றாள். மறுபடியும், “எப்படி, என்னை எப்பப் பார்த்தான்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு சாம்பல் பொம்மையைத் தொட்டு, “இது யாரு?” என்றாள்.

“நான்தான். எனக்குத்தான் மூஞ்சியே இல்லையே” என்று சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, அழுகை வந்துவிட்டது.

அவள் பொம்மையைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்து, “குனி” என்றாள்.

“எதுக்குக்கா?”

“குனியேன், சொல்றேன்!”

குனிந்தேன். என் உச்சந்தலையில் அவள் விரல் மெதுவாகப் போனது.

“வகிடு நடுவுல போய், அப்புறம் வலது பக்கம் வளையுது. இதுலயும் வளையுது. இடது பக்கம் நரை ஒரு கத்தையா இருக்கு. இதுலயும் இருக்கு. கொண்டையில எப்பவும்போல குண்டூசி குத்தி மறந்திருக்கே, மஞ்சத் தலை. இந்தா பாரு, மஞ்ச முடிச்சு.” அவள் குரல் உடைந்தது. “முகத்தை ஏன்டி தேடுறே? அவன் உன்னைப் பார்க்கிறப்போ நீ எப்பவும் குனிஞ்சுதானே இருக்கே.”

உயரமான ஸ்டூல். கீழே மெஷினில் நான். நிமிர்ந்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வான். நான் தைக்கிற நேரமெல்லாம், பதினோரு வருடமும், என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். நானே ஒரு நாளும் பார்த்திராத என் உச்சந்தலையை.

நல்லவேளை, அதை மட்டும் பிரிக்காமல் விட்டேன்.

டிசம்பர் 31

நாத்தனார் போன் செய்தாள். “அந்த ஃபாரம் இருக்கா?”

“டிராயர்லதான் இருக்கு.”

“பின்பக்கம் வெள்ளைதானே? எனக்கு ஒரு ஏப்ரன் தைக்கணும், அந்தப் பேப்பர்ல பாக்கெட்டுக்கு அளவு வெட்டிக்கோ.” பிறகு, “ஞாயித்துக்கிழமை நான் வந்து அவனைக் குளிப்பாட்டுறேன். நீ இடுப்பை நீட்டிப் படு” என்றாள்.

ஜனவரி 3

மூன்று பேன்ட், ஒரு ஏப்ரன். கடைசித் தையல் முடிந்து நூலையும் அறுத்துவிட்டேன். பக்கத்து உயர ஸ்டூலில் பொத்தான் சத்தம் நின்றிருந்தது.

இடுப்பு வலித்தது. வலிக்கட்டும் என்று காலி மெஷின் மேலேயே குனிந்திருந்தேன்.