மான் தின்ற கடைசிப் பக்கங்கள்

நானா,

இன்று காலை அலுமாரியைத் திறந்தபோது தைலமும் தோடம்பழமும் கலந்த ஒரு மணம் முகத்தில் அடித்தது. கீழ்த்தட்டில், என் மழைக்கோட்டுக்கு அடியில், உங்கள் ஆஸ்பத்திரிப் பை கிடந்தது. உங்கள் மகள் அதைக் கொண்டுவந்து தந்து மூன்று கிழமையாகிறது. வாங்கி உள்ளே வைத்ததோடு சரி. அதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும். வாட்டில் நான் உங்களுக்குக் கொடுத்த 'சாம்பல் காவலன்' சித்திரக்கதை இதழ், கடைசிப் பக்கங்கள் ஸ்டேப்ளர் பின் அடித்தபடியே இருக்கும். தெரிந்த ஒன்றைத் திறந்து பார்க்க என்ன அவசரம் என்று விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால், எதற்குமே மனம் வரவில்லை. சாப்பிடுகிறேன், களஞ்சியத்துக்குப் போகிறேன், துறைமுகத்துக்குள் வரும் லொறிகளுக்குச் சீட்டு எழுதுகிறேன், வீட்டுக்கு வருகிறேன். பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் யாருடைய கன்னமோ போல இருக்குமே, இரண்டு மாதமாக அப்படித்தான் இருக்கிறது. மனைவி இரண்டொரு தரம் "அழுதாவது விடுங்கோவன்" என்று சொல்லிப் பார்த்தாள். அழுகை வந்தால்தானே.

இதற்கிடையில் நமது வாசகர் வட்ஸ்அப் குழுமத்தில் உலகமே தலைகீழாகிக் கிடக்கிறது. இருபது வருடமாக முகமூடிக்குள் இருந்த சாம்பல் காவலன் யாரென்று அந்த இதழில் காட்டிவிட்டார்கள் அல்லவா? ஆளின் பெயரை இங்கே எழுத மாட்டேன். நமது சட்டம் உங்களுக்குத் தெரியும். ஆனால் சனம் பட்ட பாட்டைச் சொல்லலாம். கனடாவில் இருக்கிறவர் சேர்த்து வைத்த இதழ்கள் எல்லாவற்றையும் கொளுத்தப் போவதாகச் சொல்லிப் பெட்டியைப் படமெடுத்துப் போட்டார். அடுத்த நாள் போட்ட படத்திலும் அதே பெட்டி அதே இடத்தில்தான் இருந்தது. கந்தளாய் வாத்தியார் பதினொரு நிமிடம் பேசி அனுப்பினார், பாதிக்குமேல் அழுகை. மட்டக்களப்பில் ஒரு பிள்ளை தனக்கு மூன்றாம் இதழிலேயே தெரியுமென்று பழைய பக்கங்களில் சிவப்பு வட்டம் போட்டுப் போட்டு அனுப்பினாள். மற்றவர்களெல்லாம் "இந்த ஆளுக்காகவா இவ்வளவு காலம் காத்திருந்தோம்" என்று ஒப்பாரி. நான் இதையெல்லாம் துறைமுக அறிவித்தல் பலகையை வாசிப்பது போல வாசித்தேன்.

பிறகு ஒருவர் கேட்டார், "கிண்ணியா நானாவின் சத்தத்தைக் காணேல்ல, ஆள் கோபத்தில இருக்கிறாரோ?" அதற்குக் கீழே நாலைந்து பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். நான் போனைச் சட்டைப்பையில் வைத்துவிட்டேன். நீங்கள் இல்லை என்பதை அவர்களுக்கு நான் சொல்லவில்லை.

நாம் பழகியதும் இந்தக் காவலனால்தான். பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த புத்தகக் கடைக்கு ஒவ்வொரு இதழிலும் ஒரே ஒரு பிரதிதான் வரும். கொழும்பிலிருந்து இரண்டு எடுத்தால் ஒன்று விற்காமல் கிடக்கும் என்பது கடைக்காரரின் பிடிவாதம். அன்றைக்கு நான் ஒரு பக்கத்தையும் நீங்கள் மறுபக்கத்தையும் பிடித்துக்கொண்டு நின்றோம். நீங்கள் போட் எஞ்சின் திருத்திவிட்டு நேரே வந்திருந்தீர்கள். கையை எடுத்தபோது அட்டையில் உங்கள் பெருவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. ஊத்தையாக்கிய நீங்கள்தான் வாங்க வேண்டும் என்றேன், கடுப்போடுதான் சொன்னேன். நீங்கள் மறுபேச்சில்லாமல் வாங்கினீர்கள். வாங்கி என் கையிலேயே தந்து, "மொதல்ல நீங்க வாசிங்க தம்பி. நான் கை கழுவிட்டு வாறன்" என்றீர்கள். என்னைவிட மூன்று வயதுதான் மூத்தவர். அன்றிலிருந்து எனக்கு நானா ஆகிவிட்டீர்கள்.

ஒரு பிரதிக்கு இரண்டு வாசகர்கள் என்றானதும் சட்டமும் வந்தது. முதலில் வாசிப்பவன் நான். வாசித்துவிட்டுக் கடைசி எட்டுப் பக்கத்தையும் சேர்த்து இரண்டு பின் அடிப்பேன். களஞ்சியத்தில் பழைய காலத்துச் செம்பு நிறப் பின் ஒரு பெட்டி இருந்தது, அதையே பாவிப்பேன். நீங்கள் பின் வரைக்கும் வாசித்து, முடிவு இப்படித்தான் இருக்கும் என்று எனக்குச் சொல்லிவிட்டுப் பின்னைக் கழற்ற வேண்டும். நினைத்தது சரியென்றால் கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் சரி, பிழையென்றால் புள்ளடி. அதுவரைக்கும் நான் வாயே திறக்கக் கூடாது. முகத்தைக்கூட அசைக்கக் கூடாது என்று நீங்கள் ஒரு உபவிதி சேர்த்தீர்கள்.

அந்தச் சட்டத்துக்கு விலக்குக் கொண்டுவந்தது மான். மான்கள் திரிகிற கோட்டை வாசலுக்கு உள்ளே மரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு இருந்தோம். முடிவைச் சொல்லிவிட்டுப் பின்னில் கை வைக்கப் போனீர்கள். கிறீஸ் கையோடு தொட வேண்டாமென்று நான்தான் உங்களைக் குழாயடிக்கு விரட்டினேன். சீற்றில் வைத்த இதழை நானும் கவனிக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் ஒரு கொம்பன் மான் கடைசிப் பக்கங்களை இழுத்துச் சாவதானமாகச் சப்பிக்கொண்டு நிற்கிறது. நீங்கள் கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின் அதன் தொண்டையில் குத்தப் போகிறதென்று ஈரக் கையோடு அரை மணி நேரம் மானுக்குப் பின்னால் அலைந்தீர்கள். பிறகு பார்த்தால் இரண்டு பின்னும் கிழிந்த அடிக்கட்டையில் பத்திரமாக இருந்தன.

முடிவைச் சொல்லச் சொன்னீர்கள். சட்டம் என்றேன். "அப்ப மான்ட வயித்துக்குள்ள போயா வாசிக்கச் சொல்றீங்க?" என்று கேட்டீர்கள். எனக்கும் உள்ளூர ஆசைதான். எழும்பி நின்று, வெடிச் சத்தம், மழைச் சத்தம் எல்லாம் போட்டு, எட்டுப் பக்கத்தையும் நடித்துக் காட்டினேன். கோயிலுக்கு ஏறிப் போன ஒரு குடும்பம் நின்று பார்த்துவிட்டுப் போனது. நீங்கள் வாயைத் திறந்தபடி இருந்தீர்கள். முடிந்ததும், "வாசிச்சிருந்தா இவ்வளவு நல்லா இருந்திரிக்காது" என்றீர்கள். மான் தின்றால் மட்டும் சொல்லலாம் என்பது அன்றிலிருந்து சட்டம்.

அதற்குப்பிறகு எந்த மானும் நமக்கு உதவவில்லை. யுத்தத்தில் பாதை பூட்டியிருந்த மாதங்களில் இதழ் வராது, நீங்களும் கிண்ணியாவிலிருந்து வர ஏலாது. பாதை திறந்து நீங்கள் வரும்போது நாலைந்து இதழ் ஒன்றாக வந்து சேர்ந்திருக்கும். சாம்பல் காவலன் யார் என்பதில் மட்டும் நாம் ஒருநாளும் ஒத்துப்போகவில்லை. பத்திரிகை ஆசிரியர் என்பது உங்கள் கட்சி. துறைமுகப் பொலிஸ் அதிகாரி என்பது என் கட்சி. படம் கீறுகிறவரோடு உங்களுக்குத் தனிக் கோபம் இருந்தது. துறைமுகத்தைப் பற்றிய கதையில் ஒரு போட்டுக்காவது ஒழுங்கான எஞ்சின் இல்லை என்பீர்கள். தேத்தண்ணிக்காரனையும் காகத்தையும் கயிற்றுச் சுருளையும் மூலை மூலையாகக் கீறிக்கொண்டிருக்கிற நேரத்தில் ஒரு எஞ்சினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து கீறினால் என்ன என்று புறுபுறுப்பீர்கள்.

முகமூடி கழன்ற இதழ் வந்தபோது நீங்கள் வாட்டில். நெஞ்சு நோவென்று சேர்த்திருந்தார்கள். சனிக்கிழமை வாசித்தேன். ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். வழக்கம்போல இரண்டு பின் அடித்து ஞாயிறு கொண்டுவந்து உங்கள் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். முகத்தை அசைக்காமல்தான் வைத்தேன். செவ்வாய்க்கிழமை வந்தபோது நீங்கள் தெளிவாக இருந்தீர்கள். வெள்ளிக்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு விடுவார்கள் என்று மகள் சொன்னாள். அவள் போத்தலைக் கழுவப் போன நேரத்தில் நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள்.

"மான் திண்டுட்டெண்டு நெனச்சிச் சொல்லுங்களே, தம்பி."

"வாட்டுக்குள்ள மான் வரேல்ல, நானா. வெள்ளிக்கிழமை வீட்ட போய்ப் பின்னைக் கழட்டுங்கோ. நான் அங்க வாறன்."

நீங்கள் சிரித்தீர்கள். பிறகு ஜன்னலைப் பார்த்து, வெளியில் மழையா என்று கேட்டீர்கள். இல்லை என்றேன். அவ்வளவுதான் நாம் கதைத்தது. வியாழன் காலை, நான் வேலைக்குச் சட்டை போடும்போது, மகளின் அழைப்பு வந்தது.

கிண்ணியாவுக்குப் பாலத்தால் பஸ்ஸில் வந்தேன். உங்களைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும்போது எனக்கும் இடம் விட்டார்கள், கொஞ்சத் தூரம் தோள் கொடுத்தேன். மையவாடியில் மூன்று பிடி மண் போட்டேன். எல்லாம் செய்தேன். மனதில் ஒரே ஒரு நினைவுதான் இருந்தது: இருபது வருடம் காத்திருந்த மனிதனுக்கு யாரென்று தெரியாமலே போய்விட்டது, ஒரு பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. விளையாட்டுச் சட்டம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நீங்கள் கேட்டும் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த நினைவோடு எல்லாம் மரத்துப்போனது.

ஆகவேதான் பையைத் திறக்கவில்லை. இன்று மழைக்கோட்டு எடுக்கப் போனவன் பையையும் எடுத்தேன். சாரம், தைலப் போத்தல், காய்ந்த தோடம்பழம் ஒன்று, அடியில் இதழ். கடைசிப் பக்கங்கள் பின்னோடுதான் இருந்தன. அப்படியே வைக்கப் போனேன், நானா. வைக்கும்போதுதான் கண்ணில் பட்டது. பின் இரண்டும் வெள்ளி நிறம்.

கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். என் பின் செம்பு நிறம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வெள்ளிப் பின்னுக்குப் பக்கத்தில் என் பின் குத்திய ஓட்டைகள் சின்னனாகத் தெரிந்தன. உங்கள் மகளுக்கு அழைத்தேன். உம்மா இத்தாவில் வெளியே வராமல் இருப்பதால் வெளிவேலை முழுவதும் அவள் தலையில், மூச்சு வாங்கத்தான் பேசினாள். வாப்பா பின்னைக் கழற்றினவரா என்று கேட்டேன்.

"நீங்க கேட்டா வாசிக்கல்லெண்டு சொல்லச் சொன்னாரு, மாமா. கேக்காம இருந்தா நானும் சொல்லியிரிக்க மாட்டன்."

திங்கட்கிழமையே நகம் வெட்டியின் நுனியால் கழற்றினீர்களாம். வாசித்து முடித்துவிட்டுத் தாதியிடம் ஸ்டேப்ளர் வாங்கித் தரச் சொல்லி, பழைய ஓட்டைக்குக் கிட்டவாக நீங்களே அடித்தீர்களாம். எதற்கு என்று மகள் கேட்டிருக்கிறாள். நான் கதை சொல்வதை இன்னொருதரமாவது முழுதாகக் கேட்க வேண்டும், வாசித்தது தெரிந்தால் நான் சொல்ல மாட்டேன் என்றீர்களாம். செவ்வாய் நான் போனபிறகு, "பரவால்ல, வெள்ளிக்கிழம வீட்ட வந்து சொல்லுவாரு" என்றும் சொல்லியிருக்கிறீர்கள்.

போனை வைத்துவிட்டுப் பின்னைக் கழற்றினேன். கடைசிப் பக்க மூலையில் பென்சிலால் ஒரு புள்ளடி. கோடு நடுங்கியிருந்தது. அதே பக்கத்தில் காவலன் ஏறிப் போகிற போட்டுக்குக் கீழே, மிகச் சின்ன எழுத்தில், 'இப்பவும் எஞ்சின் இல்ல' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவி குசினியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சிரிப்புக்குப் பிறகுதான் மற்றது வந்தது. வந்தது நிற்கவில்லை. அவள் தேத்தண்ணீரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

உங்களுக்குத் தெரியாமல் போய்விட்டதே என்று இரண்டு மாதம் கிடந்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்தது. கிடைக்காமல் போனது நான் சொல்லிக் கேட்பது மட்டும்தான். இது ஆறுதலா, அதைவிட மோசமா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. மத்தியானம் குழுமத்தில் நீங்கள் மௌத்தான செய்தியை ஒரு வரியில் போட்டேன். சண்டை அப்படியே நின்றது. கனடாக்காரர், பெட்டியை இனிக் கொளுத்த மாட்டேன் என்று மட்டும் எழுதினார்.

களஞ்சியத்துச் செம்புப் பின் பெட்டி இப்போது என் பையில் இருக்கிறது. உங்கள் இதழும் அதோடுதான் இருக்கிறது. இனி அதற்குப் பின் அடிக்கப் போவதில்லை.

சரி, மான் தின்றுவிட்டது, நானா. நிமிர்ந்து இருங்கள். துறைமுகத்தில் பனி இறங்குகிறது. ஜெட்டியில் விளக்கு ஒன்றுதான் எரிகிறது. காவலன் அடிபட்டு முழங்காலில் விழுந்து கிடக்கிறான். பொலிஸ் அதிகாரி துவக்கோடு ஓடி வருகிறார், என் கட்சி அதோடு சரி. பின்னாலேயே உங்கள் பத்திரிகை ஆசிரியரும் ஓடி வருகிறார், உங்கள் கட்சியும் முடிந்தது. காவலன் தானே கையைத் தூக்கி முகமூடியைக் கழற்றுகிறான். பார்த்தால் அந்தத் தேத்தண்ணிக்காரன். ஒவ்வொரு இதழிலும் மூலையில் கேத்தலோடு நின்ற அதே கிழவன், நானும் நீங்களும் இருபது வருடமாகப் பார்த்தும் பார்க்காமலே பக்கம் புரட்டிய ஆள்.

இப்போது நீங்கள் வாயைத் திறக்க வேண்டும். முடிவு தெரியாத ஆள் மாதிரி.