ஜோதி கடைப் பாவக்காய் விதை

ஆவணி, வெள்ளிக்கிழமை இரவு

என் விதைக்கடைக்கு எதிரிலேயே கொழுந்தன் பெண்டாட்டி ஜோதியும் விதைக்கடை போட்டு, அமெரிக்கக் கம்பெனியின் ஏஜென்சியையும் வாங்கிவிட்டாள். இத்தனை வருடம் நான் கேட்டும் எனக்குத் தராத ஏஜென்சி. அந்த போர்டைப் பார்த்தாலே வயிறு எரிகிறது.

இன்று, வழக்கமாக என்னிடம் விதை வாங்கும் மாகாளியண்ணன் வந்து, "ஏனுங்க அம்மிணி, அந்த அமெரிக்காப் பாவக்கா வெதை நல்லா மொளைக்குமுங்களா?" என்றார்.

"நம்ம மண்ணுக்கு ஆகாதுங்கண்ணா. மொளைக்கவே மொளைக்காது."

"நீங்க சொன்னாச் சரிங்க" என்று என் விதையையே வாங்கிப் போனார்.

போன வாரமே பால்காரம்மாவை விட்டு அதில் ஒரு பாக்கெட் வாங்கியிருந்தேன். எந்தப் புது விதைக்கும் செய்வதுபோல ஈரத்துணியில் முடிந்து வைத்தேன். அழுகிப் போகட்டும் என்றுதான் வைத்தேன். சாயங்காலம் பிரித்துப் பார்த்தால், ஒன்று விடாமல் முளைத்திருக்கிறது. என் விதை ஒருநாளும் இப்படி முளைத்ததில்லை.

குப்பையில் போடத்தான் எடுத்துப் போனேன். முளைவிட்டதை எறியக் கை வரவில்லை. வீட்டு வேலியோரம் ஊன்றித் தண்ணீரும் ஊற்றிவிட்டேன்.

இப்போதுதான் உறைக்கிறது. மாகாளியண்ணன் தினமும் தோட்டத்துக்குப் போவது அந்த வேலியை ஒட்டித்தான்.