நாலு பேரில் ஒருத்தன்

ஏங்க,

சோறும் குழம்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. மகளை மூச்சிரைப்புக்கு டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், மாலைதான் வருவோம்.

மதியம் என் தம்பி வருவான். "எங்க பிளான்ட்ட மூடப்போறாங்களாம்க்கா, மாமாதான் ஏதாவது பண்ணணும்" என்று போனில் அழுதான். அந்த நிலக்கரி மின் நிலையத்தை மூடச் சொல்லும் உத்தரவில் கையெழுத்துப் போட்டதே மாமாதான் என்று அவனுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

புகை நின்றால் நம் குழந்தைக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் "நல்லது நடக்கணும்னா நாலு பேர் இழக்கத்தான் வேணும்" என்று நேற்று வீரம் பேசினீர்களே, அந்த நாலு பேரில் ஒருத்தன் வருகிறான். அதை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

பி.கு.: சாப்பாடு போட்ட பிறகு சொல்லுங்கள். பசியோடு கேட்டால் அழுதுவிடுவான். வயிறு நிறைந்திருந்தால்தான் உங்களை அடிக்கத் தெம்பிருக்கும்.