வாய் திறந்தவர்களுக்கு மதிப்பெண்

தார்வாட்,
சனிக்கிழமை மாலை

அன்புள்ள நீலாவுக்கு,

சித்தி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், ஜெர்மனிக் குளிர் உன்னை அதிகம் படுத்தாமல் இருக்கவேண்டும். இந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய், மன்னித்துக்கொள். கடலைச் சட்னிப் பொடியும் சோள ரொட்டியும் கட்டிய பார்சலில் மேலே கொஞ்சம் இடம் இருந்தது, அதில் இந்தக் கடிதத்தை வைத்துவிட்டேன். பொடியை ஈரக் கரண்டியால் எடுக்காதே.

"இனிமே சித்திக்குக் காலேஜ்ல என்னப்பா வேலை, எல்லாத்தையும் மெஷினே சொல்லிக்குடுத்திடுமே" என்று நீ கேட்டதாக அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார். வேலைக்குக் குறைவில்லை நீலா. கேட்டதையெல்லாம் எழுதித்தரும் இந்த ஏஐ மெஷினைச் சமாளிக்கப் பாடத்திட்டத்தை மாற்றி அமைக்க ஒரு குழு போட்டிருக்கிறார்கள், அதில் நானும் இருக்கிறேன். தலைவர் எங்கள் பொருளாதாரத் துறையின் ஹொசமனி சார். இருபது வருஷமாக ஒரே நோட்டைப் பார்த்து அவர் சொல்ல, பிள்ளைகள் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டு, பரீட்சையில் அப்படியே திருப்பி எழுதினால் முழு மதிப்பெண் போட்டவர். "இந்தக் காலத்துப் பசங்க சொந்தமா ஒரு வரி யோசிக்கிறதில்லம்மா" என்று முதல் கூட்டத்திலேயே கண்கலங்கினார். நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். குழுவில் இதுவரை என் பங்களிப்பு அதுதான்.

முடிவு என்னவென்றால், கட்டுரை, எழுத்துத் தேர்வு எதுவும் வேண்டாம், இனி எல்லாம் வாய்மொழித் தேர்வு. மூன்று ஆசிரியர்கள் முன்னால் மாணவர் நின்று பதில் சொல்லவேண்டும். "மெஷின் எழுதும், வாயைத் திறந்து பேசுமா?" என்றார் சார். பேசும் என்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் சொல்லவில்லை, நானும்தான். மெஷின் எழுதியதைப் பிள்ளைகள் அச்செடுக்க வருவதால் ஜெராக்ஸ் கடையில் உன் அப்பாவுக்கு இந்த வருஷம் நல்ல வியாபாரம். "உங்க கமிட்டி என் வயித்துல அடிக்குதுடி" என்று இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் என் வகுப்பில் ஒத்திகை. வினாயக் என்று ஒரு பையன், மெஷின் கொடுத்ததை வராந்தாவில் நடந்து நடந்து உருப்போட்டதை என் கண்ணால் பார்த்தேன். உள்ளே வந்து மூச்சுவிடாமல் ஒப்பித்தான், இருபதுக்குப் பதினெட்டு. "என்ன ஒரு தன்னம்பிக்கை பாருங்க" என்று சார் பூரித்தார். அடுத்து எல்லவ்வா. அறுவடை நேரத்தில் வெங்காய விலை ஏன் விழுகிறது என்று கேட்டோம், கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏம்மா, வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றார். பூஜ்யம். மறுநாள் இரண்டு பக்கம் கையால் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு ஓடினாள், கேட்ட கேள்விக்கும் நாங்கள் கேட்கத் தெரியாமல் விட்ட ஒரு கேள்விக்கும் பதில். சாரிடம் காட்டினேன். "இவ்வளவு நல்லா இருக்குன்னா மெஷின்தான் எழுதியிருக்கும்" என்றார்.

"இந்த ரூல் வந்திச்சின்னா காலேஜ விட்டு நின்னுடுறேன் மேம்" என்று எல்லவ்வா சொல்லிவிட்டாள், சொன்னதுகூடக் காதில் விழவில்லை, உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஐந்து வருஷத்தில் வருகைப் பதிவுக்கு 'எஸ் மேம்' சொன்னதைத் தவிர வகுப்பில் நான் பேசியதில்லை, எழுதித்தான் கரையேறினேன். அடுத்த மாதம் எங்கள் குழுவுக்கு மேலே இருக்கிற கல்விக் குழுவில் இந்த விதி ஒப்புதலுக்கு வருகிறது. பிள்ளைகள் எங்கள் கண்ணெதிரே கையால் எழுதட்டும், பிறகு அந்தத் தாளை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆசிரியரோடு உட்கார்ந்து பேசட்டும், இவ்வளவுதான் என் யோசனை. எழுதிக் கொடுக்கட்டுமா என்று சாரைக் கேட்டேன். "எழுதினா மெஷின் எழுதிச்சும்பாங்க, எந்திரிச்சுப் பேசிடுங்கம்மா" என்று சிரித்தார். ஒத்திகையாக உன் அப்பாவிடம் பேசிப் பார்த்தேன், நான் ஆரம்பிக்கும் முன்பே "நல்லாருக்கு, நல்லாருக்கு" என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, கையுறை இல்லாமல் வெளியே போகாதே, எடுத்த படிப்பு உனக்கு நல்லபடியாகக் கைகூடட்டும்.

ஒன்று கேட்கத்தான் இவ்வளவும் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு பேசி முடித்ததும் போனை வைத்துவிடுகிறாய். ஒரு தடவை, "சித்திகிட்ட குடுங்கப்பா" என்று சொல்வாயா? நீ பதில் எதுவும் சொல்லவேண்டாம், நான் பேசுவதைக் கேட்டால் போதும். முதலில் கொஞ்ச நேரம் என் பக்கம் சத்தமே வராது. வைத்துவிடாதே.

உன் சித்தி,
சாந்தவ்வா