நாலு டயரும் பக்கத்து சீட்டும்

மார்ச் 3, திங்கள்

கார் டயர் கத்துகிறது. மார்க்கெட் ரவுண்டானாவில், சைக்கிள்கூட முந்திப் போகிற வேகத்தில்தான் திரும்பினேன். அதற்கே கீச்சென்று ஒரு சத்தம். நான் என்னவோ பந்தயம் விட்ட மாதிரி எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பந்தயம் விட்டுப் பெயர் கெட்டால் பரவாயில்லை. கத்தரிக்காய் வாங்கப் போய்க் கெடுவானேன்?

பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிப்பவர் குனிந்து பார்த்தார். "மேல பட்டன் தேயாமத்தான் இருக்கும்மா. ஆனா ரப்பர் கல்லாப் போச்சு. ஓரமெல்லாம் வெடிப்பு பாருங்க." நகத்தால் கிள்ளிப் பார்த்தேன். நகம்தான் வலித்தது.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். முன்னே என்றால், "நீ ஓட்டுற ஓட்டுக்கு ரப்பர் எதுக்கு, கருங்கல்லுல சக்கரம் செஞ்சு மாட்டு" என்றிருப்பார். இன்றைக்கு, "பார்த்து மாத்திக்கோம்மா. உனக்குத்தான் எவ்வளவு சிரமம்" என்கிறார்.

ம்மா-வாம். சிரமமாம். கல்யாணமாகி நாற்பத்தெட்டு வருஷத்தில் இல்லாத மரியாதை. எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

குளியலறையில் விழுந்து, இவருக்கு இடுப்பெலும்பு மாற்றி, வருகிற மாதம் வந்தால் ஒரு வருஷம். டாக்டர் நடக்கலாம் என்கிறார், காரில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்கிறார். இவர்தான் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறார். தண்ணீர் கொடுத்தால் நன்றி. தலையணையை நகர்த்தினால் நன்றி. நான் என்ன மாதச் சம்பளத்துக்கு வந்த நர்ஸா?

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரே ஒரு தடவை என் வண்டியில் கூட்டிவந்தேன். ஒவ்வொரு வேகத்தடைக்கும் கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு டாக்டரிடம் போவதென்றால்கூட வாடகை வண்டிதான். அந்தக் கல் டயர்தான் இவரை விரட்டிவிட்டது என்று நினைக்கிறேன். குழியில் இறங்கினால் எனக்கே பல் ஆடுகிறது, புது இடுப்பு என்ன செய்யும்?

முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷன். டிப்போவில் இவருக்கு வைத்த பெயர் 'தாலாட்டு'. இவர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரும் சேர்ந்து தூங்கிவிடுவார் என்று கேலி. நான் நேர்மாறு. லைசென்ஸ் எடுத்ததே நாற்பத்தாறு வயதில். அஞ்சாம் வகுப்போடு என் பையை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆனாலும் சாலைக் குறிகள் அத்தனையும் மனப்பாடம், ஒரே தடவையில் பாஸ். எனக்கு முன்னால் நின்ற பட்டதாரி இரண்டு தடவை தோற்றவர். இதை எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

இவர் விழுவதற்கு முன் ஞாயிறு விடிந்ததும் அணைக்கட்டுச் சாலைக்குப் போவோம். ஈ காக்கை இருக்காது. நேர் ரோட்டில் நான் வேகமே போவதில்லை, அது யாரும் செய்கிற காரியம். எனக்கு வளைவுதான் வேண்டும். மூன்றாவது கியரில், தோளைச் சாய்த்துக்கொண்டு வண்டி உள்ளே நுழையும். வயிற்றில் ஜில்லென்று ஒன்று எழும். பக்கத்தில் இவர் மேல் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "மெதுவா போடி! உன்னை எவனும் துரத்தலை!" என்பார். ஏறும்போது ஒரு திட்டு, இறங்கும்போது வேறு திட்டு. ஒன்றைப் போல ஒன்று இருக்காது.

அந்தத் திட்டுக்கு ஏங்குகிறேன் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

மார்ச் 8, சனி

கூலிக்குத் தைத்த சீட் கவர்களைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்துவிட்டு, பக்கத்து டயர் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் எனக்குத் தெரிந்தவர்தான். அவர் உட்காருகிற நாற்காலியின் உறைகூட என் தையல்.

"எதுக்கும்மா, வீட்டு உபயோகத்துக்குத்தானே?"

"வளைவுக்கு" என்றேன்.

ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ஒன்றை உருட்டி வந்தார். "இது எழுபதாயிரம் கிலோமீட்டர் ஓடும்."

"அது ஓடும். நான் ஓடணுமே."

சிரித்துவிட்டார். அதற்கப்புறம் ஒழுங்காகப் பேசினார். பக்கவாட்டில் சின்னதாக ஒரு எண் போட்டிருக்கிறதாம். எண் பெரிதாக இருந்தால் ரப்பர் கெட்டி, நாள்பட உழைக்கும். சின்னதாக இருந்தால் ரோட்டை நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஸ்போர்ட்ஸ் டயர் என்று இரண்டு காட்டினார். ஒன்றின் விலைக்கு என் வண்டியில் பாதியை வாங்கிவிடலாம். இன்னொன்று கைக்கு எட்டுகிற விலை. கட்டைவிரலால் அழுத்தினேன், கொஞ்சம் உள்வாங்கிக் கொடுத்தது. எனக்கு அங்கேயே மனசு போய்விட்டது. மூலையில் அதைவிட மலிவாக ஒரு ஜோடி இருந்தது. "அது பழைய ஸ்டாக், ரெண்டு வருஷமா கிடக்கு. உங்களுக்குத் தர மாட்டேன்" என்று அவரே சொல்லிவிட்டார்.

அப்புறம்தான் கேட்டேன், இடுப்பு ஆபரேஷன் ஆனவர் பக்கத்தில் உட்காருவார் என்று.

முகம் மாறிவிட்டது. "அப்ப ஸ்போர்ட்ஸ் வேணாம்மா. அதுக்குப் பக்கச் சுவர் விறைப்பு. அதனாலதான் வளைவுல மடங்காம நிக்குது. குழியில இறங்கினா நேரா இடுப்புக்கு வரும். அய்யாவுக்குன்னா கம்ஃபர்ட் டயர் போடுங்க. மெத்து மெத்துன்னு இருக்கும்."

"வளைவுல?"

"வளைவுல... மெத்து மெத்துன்னுதான் இருக்கும்."

வாங்காமல் வந்துவிட்டேன். பிடிக்கிற டயர் போட்டால் இவர் வர மாட்டார். இவர் வருகிற டயர் போட்டால் அது பிடிக்காது. இப்படியும் ஒரு சிக்கல் உண்டா உலகத்தில்?

மார்ச் 9, ஞாயிறு

பேத்தி போனில் பேசினாள். டயர் கதையை நேற்றே அவளிடம் சொல்லியிருந்தேன். விமான இன்ஜின் படிக்கிறாள். எதிர்வீட்டம்மாவிடம் இதைச் சொல்லிவிட்டு, அவர் பேத்தி என்ன படிக்கிறாள் என்று நான் கேட்கவில்லை. எதற்கு மனசை நோகடிப்பது?

"பாட்டி, அந்த விலை குறைஞ்ச ஸ்போர்ட்ஸ் டயரைப் பத்தி நல்லா படிச்சுப் பார்த்துட்டேன். மழையிலயும் பிடிக்குதாம். நீங்க ரிம்மை மட்டும் மாத்திடாதீங்க. பெரிய ரிம் போட்டா டயர் ஒல்லியாகி ரொம்பத் தூக்கிப் போடும். பழைய அளவே இருக்கட்டும், கதவுல எழுதியிருக்கற அளவுக்குக் காத்து வைங்க. தாத்தா தாங்குவாரு."

"தாங்கலைன்னா?"

"தாத்தாகிட்டயே கேளுங்களேன்."

கேட்டேன். "உங்களுக்கு வண்டியில எது வலிக்குது?" என்று. "ஒண்ணுமில்லம்மா. என்னைப் பத்திக் கவலைப்படாதே" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் நேற்றையது.

மார்ச் 13, வியாழன்

கம்ஃபர்ட் டயர் போட்டாயிற்று. நாலும். வீல் பேலன்ஸ் பார்க்கிற வரைக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் டயர் அடுக்குக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

வந்தார்! "புது டயர், மெத்தை மாதிரி இருக்கு, ஒரு தடவை வாங்களேன்" என்று மூன்று நாளாக நச்சரித்ததில் வந்தார். சீட்டைப் பின்னால் தள்ளி, தலையணை வைத்து, காலை நானே தூக்கி உள்ளே வைத்தேன். எதிர்வீட்டம்மா மாடியிலிருந்து பார்த்தார். பார்க்கட்டும்.

அணைக்கட்டுச் சாலையில் ஏறினேன். இரண்டாவது கியர். ஒவ்வொரு வளைவுக்கும் கிட்டத்தட்ட நின்று, திரும்பி, மறுபடி நகர்ந்தேன். ஒரு பால் வண்டி ஹாரன் அடித்து முந்திப் போனது. பால் வண்டி! என்னை! வேறு நாளாக இருந்தால் இரண்டு வளைவுக்குள் பிடித்திருப்பேன். அசையவில்லை. இவருக்கு வலிக்கக் கூடாது, அது ஒன்றுதான் நினைப்பு.

மேலே போய் வண்டியை நிறுத்தினேன். பிளாஸ்க் டீயைக் கொடுத்தேன். "நன்றிம்மா." அணைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே குடித்தார். "வலிச்சுதா?" "இல்லை." இறங்கி வந்தோம். ஒரு திட்டு இல்லை. வீட்டுக்குள் நுழைந்ததும், "இனிமே எனக்காக அலையாதேம்மா. இதோட போதும்" என்றார்.

போதுமா? என்ன போதும்? வலிக்கவும் இல்லையாம், வரவும் மாட்டாராம். பின்னே என்னதான்யா வேணும் உங்களுக்கு? இதை நேரில் கேட்காமல் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்டால் அழுதுவிடுவேன், அதுதான்.

மார்ச் 17, திங்கள்

துணி காயப்போட்டுவிட்டு உள்ளே வரும்போது காதில் விழுந்தது. மகனோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"இல்லடா, வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. நான் பக்கத்துல உக்காந்தா உங்கம்மா ஓட்டறதே இல்லடா. கண்ணாடிச் சாமானை எடுத்துட்டுப் போற மாதிரி போறா. நேத்து ஒரு பால் வண்டிக்காரன் முந்திட்டுப் போறான், பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குப் பார்க்கச் சகிக்கலை. வாழ்க்கையில அவளுக்குன்னு இருந்ததே அந்த ஒரு சந்தோஷம், அதையும் நான் கெடுக்கணுமா? ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இனி அவ வண்டியில ஏறக் கூடாதுன்னு."

வாளியை அப்படியே வைத்துவிட்டு மறுபடி மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். காயப்போட்டிருந்த துணியை எல்லாம் திரும்பவும் எடுத்து உதறினேன்.

மார்ச் 18, செவ்வாய்

டயர் கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "போட்டு ஓட்டின டயரைத் திருப்பி எடுக்கிறதா? நல்லா இருக்கும்மா நியாயம்!"

"அணைக்கட்டு வரைக்கும் போய் வந்ததுதான். அதுவும் நத்தை மாதிரி."

"அய்யாவுக்கு ஆகலையா?"

"அய்யாவுக்கு எல்லாம் ஆகுது. எனக்குத்தான் ஆகலை."

கடைசியில் ஒரு டாக்சிக்காரரைப் பிடித்து அதை அவர் வண்டிக்குத் தள்ளிவிட்டார். விலையில் குறைந்த காசுக்கு ஈடாகக் கடை நாற்காலி அத்தனைக்கும் நான் புது உறை தைக்க வேண்டும். சரி என்றேன். அந்த எட்டுகிற விலை ஸ்போர்ட்ஸ் டயர் ஏறியது, பழைய அளவிலேயே. "முதல்ல கொஞ்ச தூரம் பொறுமையா போங்க. புது ரப்பர் வழுக்கும். பழகினப்புறம் பிடிக்கும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

இவரிடம் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி

நாலு நாளாக ஊருக்குள்ளேயே பொறுமையாக ஓட்டிப் பழக்கிவிட்டு, இன்று விடிந்ததும் தனியாகப் போனேன்.

பிடிக்கிறது. சத்தமே இல்லை. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் போதும், நான் நினைத்த கோட்டிலேயே வண்டி போகிறது. மூன்றாவது வளைவில் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் திரும்பினேன், என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று. சீட் காலி. பெல்ட் கொக்கி கதவில் இடித்து டிக் டிக் என்றது.

அதற்கு மேல் ஏற மனசு வரவில்லை. திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த எழுபது வயதில் பக்கத்தில் ஆள் இல்லை என்று வண்டியைத் திருப்புகிறேன், கேட்டால் யார் நம்புவார்கள்?

மார்ச் 26, புதன்

கேட்டுவிட்டேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"நீங்க மகன்கிட்ட பேசினது எனக்குத் தெரியும். கம்ஃபர்ட் டயரைக் கழட்டிக் கொடுத்துட்டேன். இப்ப இருக்கிறது பிடிக்கிற டயர். குழியில இறங்கினா உங்களுக்கு வலிக்கும். நான் நிறுத்தவும் மாட்டேன், மன்னிப்பும் கேக்க மாட்டேன். வர்றீங்களா, இல்லையா?"

பேப்பரை விரித்துப் பிடித்தார்.

"தனியா போனேன். பாதியில திரும்பி வந்துட்டேன். யாரும் திட்டலைன்னா எனக்கு ஓட்ட வரலைங்க."

பேப்பரை மடித்தார். பிரித்தார். மறுபடி மடித்தார். அவ்வளவுதான்.

மார்ச் 28, வெள்ளி

ஒன்றும் சொல்லவில்லை இன்னும். நானும் கேட்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டு.

மார்ச் 29, சனி

வராந்தாவில் நடை பழகுகிற சாக்கில் வாசலில் இறங்கி வண்டியைச் சுற்றிவந்தார். கைத்தடியால் முன் டயரை இரண்டு தட்டு. ஜன்னலிலிருந்து பார்த்தேன், பார்த்ததைக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 30, ஞாயிறு

நிறைய எழுத முடியாது, இவர் இடுப்புக்குத் தைலம் தேய்க்க வேண்டும். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, காலையிலிருந்து இன்னும் வாய் ஓயவில்லை. நாலாவது வளைவில் நான் கியர் மாற்றினது தப்பாம். "பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே போடணும்டி, உள்ள போயிட்டு முழிக்கக் கூடாது. எவன்டி உனக்கு லைசென்ஸ் குடுத்தான்? நான் பஸ்ஸுல..." அதற்கப்புறம் பஸ் கதை.

எல்லாம் காதில் விழுந்தது. "என்ன சொன்னீங்க?" என்றேன்.

முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.