ஓடைக் குளிர்

என்னங்க,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். என்னோடு ஆராய்ச்சிக்கு எலி பிடிக்கும் சீனியர் அக்காவைத்தான் நேற்றுக் காய்ச்சலும் மூச்சுத் திணறலுமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மலை ஓடையோரம் நாங்கள் வைக்கும் பொறிகளில் விழும் எலிகளை எடை போட்டு, வயிற்று முடியை வாயால் ஊதி விலக்கிப் பார்த்தால்தான் குட்டிக்குப் பால் கொடுக்கிறதா என்று தெரியும். முகமூடியோடு எப்படி ஊதுவது? "ஒரு ஊது ஊதிட்டு மாட்டிக்கலாம்டி, ஒண்ணும் ஆகாது" என்றாள் அக்கா. மாறி மாறி ஊதினோம். ஒரு எலி எங்கள் மூஞ்சியிலேயே தும்மியபோது விழுந்து விழுந்து சிரித்தோம்.

சனிக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டாம். ஓடையில் வெள்ளம் என்று சொல்லிவிடுங்கள்.

கடிதம் கொண்டுவரும் ஜீப் டிரைவர் உள்ளே வராமல் வாசலில் நின்றே, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையேம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பிளாஸ்டிக் கவரில் போட்டுத் தந்தால்தான் வாங்குவாராம். நீங்களும் படித்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிடுங்கள், எல்லாம் ஒரு ஜாக்கிரதைக்குத்தான்.

கையெழுத்து ஆடியிருந்தால் பயப்படாதீர்கள். ஓடைக் குளிர்தான், இரண்டு கம்பளி போர்த்தியும் அடங்கவில்லை. டிரைவர் வெயில் தாங்காமல் மரநிழலுக்கு ஒதுங்கிவிட்டார்.

உங்கள் எலிக்காரி