அண்ணியோடு ஜவ்வாது மலை

மார்கழி 6
பனி. எதிர் வீட்டு மாடி தெரியல. ஆத்துப் பாலம் வரை நடந்து வந்தேன், போக வர 5 கி.மீ. மில் பக்கம் நெல்லு அவியற வாசனை மட்டும் இருந்துச்சு, மில்லக் காணோம். நடக்கறது என் காலுதானான்னு குனிஞ்சு பாத்துக்கிட்டேன்.

வாங்க: சாக்ஸ், டார்ச் செல், மாத்திரை 1 அட்டை.

ஞாயித்துக்கிழமை மலை ஏறி நிதி சேக்கறோம், அதுக்கு இன்னிக்கு மூணு பேர் குடுத்தாங்க. ஜரிகைக் கடைக்காரர் கேட்டார்: "கேன்சர் ஆராய்ச்சிக்கா? உங்க வூட்ல யாருக்காச்சும் வந்துச்சாம்மா?"
யாருக்கும் இல்லீங்க, சும்மாதான்னேன்.

மார்கழி 8
மலைக்குத் தனியா போகக்கூடாதுன்னுட்டார் எங்க வீட்டுக்காரர். துணைக்கு அவரோட அக்கா. அண்ணிக்கு 56, முட்டி வலி வேற. விஷயம் எதுவும் தெரியாது. மூணு வருஷம் முன்ன வேலூர்ல எனக்கு மார்பு ஆபரேஷன் ஆனப்ப, கிட்னில கல்லுன்னுதான் தெருவுக்கே சொன்னோம். கீமோ வேணாம்னுட்டாங்க, முடி கொட்டல, மறைக்க முடிஞ்சது. "தெரிஞ்சா நித்யாவுக்கு வரன் வராது"ன்னார். பொண்ணு பேரச் சொன்னதும் நானும் தலையாட்டிட்டேன்.

மதியம் அரைத் தூக்கம். எங்கயோ ஒரு ரூம்ல கண்ணாடி போட்ட பொண்ணு மைக்ராஸ்கோப்ல குனிஞ்சிருக்கு. நான் தினம் முழுங்கற மாத்திரைய அப்படி யாரோ உக்காந்துதானே கண்டுபிடிச்சாங்க. அவளுக்கு ஒரு டீ குடுக்கணும் போல இருந்துச்சு. முழிச்சா பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம்.

மார்கழி 12, ஞாயிறு
மலை. சந்தவாசல் தாண்டி வேன் நின்னுச்சு. ஆளுக்கு ஒரு துணிப்பட்டை. யாருக்காக நடக்கறமோ அவங்க பேர எழுதி முதுகுல குத்திக்கணும். அம்மா, தம்பி, டீச்சர்... எழுதினாங்க. நான் பேனாவோட ரொம்ப நேரம். அப்புறம் என் பேரையே எழுதிட்டேன்.

"இன்னாடி, உன் பேர எழுதிகினு கீற? நோவு வந்தவங்க பேர எழுதச் சொன்னாங்க."
"எனக்குத்தான் அண்ணி வந்துச்சு. மார்புல. கல்லு இல்ல."

என் குரலே பனிக்குள்ள யாரோ சொன்ன மாதிரி கேட்டுச்சு.

அண்ணி விறுவிறுன்னு ஏறினாங்க. மரம் பாதி இருக்கு, பாதி இல்ல. அவங்க செருப்புச் சத்தத்த வெச்சுத்தான் பின்னாலயே போனேன். பாதி மலைல ஒரு பாறைல உக்காந்து திரும்பினாங்க.
"நாப்பது நாளு வாழத்தண்டு சாறு புழிஞ்சு எட்த்துகினு வந்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சியேடி!"
"நல்லா இருந்துச்சு அண்ணி."
"நல்லா இருந்துச்சாம்!"
சிரிச்சாங்க, அதுலயே அழுதாங்க. என் பைய வெடுக்குன்னு பிடுங்கி மாட்டிகினாங்க.

உச்சில வெயில். கீழ முழுக்க வெள்ளை. ஆரணி அதுக்கடியில எங்கயோ. கொஞ்ச நேரம் எதுவுமே நினைக்கல.

மார்கழி 13
தொடை பிடிச்சுக்கிச்சு. அண்ணி காலைலயே வந்துட்டாங்க. அவங்க தம்பிய உக்கார வெச்சு:
"நித்யாவுக்கு நான் பாக்கறேன். விஷயத்த சொல்லியே வரன் பாக்கறேன். சரின்றவன் வரட்டும்."
அவர் ஆறிப்போன காபிய ஆத்திக்கினே இருந்தார். கடைசில, "பயந்துட்டேன்கா."

மார்கழி 15
பனி இல்ல. சாக்ஸ் துவைச்சேன். நாளைக்கு வேலூர் செக்கப். எப்பவும் அவர் கடைய மூடிட்டு வருவார், பஸ்ல ஒரு வார்த்தை பேசாம போய் வருவோம். இந்த தடவை அண்ணி வராங்களாம். "அவன் கடைய பாக்கட்டும்." 7 மணி பஸ். ஜன்னல் சீட்டு அவங்களுக்குத்தானாம், இப்பவே சொல்லிட்டாங்க.